பழைய பேப்பர் கடைக்குப் போகும் நாடக வரலாறு

சேலத்திலும் நாமக்கல்லிலும் பழைய நாடக நோட்டீஸ்களைத் தேடிச் சேர்க்க வேண்டும் என்று பேச்செடுத்தால், படித்தவர்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. நோட்டீஸ் என்பது விளம்பரம், விளம்பரம் பொய் பேசும், பொய்யை வைத்து வரலாறு எழுத முடியாது. அழகுக்காகவாவது வைத்திருக்கலாம் என்றால் அதில் ஓவியம்கூட இல்லை. மலிவுக் காகிதத்தில் நெருக்கியடித்த எழுத்துதான் இருக்கிறது. நாடக வரலாறு வேண்டுமானால் சங்கரதாஸ் சுவாமிகளின் பிரதிகள் இருக்கின்றன, பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ இருக்கிறது, டி.கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ இருக்கிறது. அவை போதாதா என்று கேட்கிறார்கள்.

போதாது. இந்தக் கருத்தை நம்பித்தான் வீடு மாற்றும்போதும் அச்சகம் மூடும்போதும் மூட்டை மூட்டையாகக் காகிதத்தை எடைக்குப் போட்டிருக்கிறோம். அதனால் இதன் ஒவ்வொரு பகுதியையும் எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அழகைப் பற்றிய வாதம். இதைச் சொல்பவர்கள் மனத்தில் பெரும்பாலும் ஒரு ஐரோப்பியச் சுவரொட்டி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்கேய் தியாகிலெவ் ரஷ்யக் கலைஞர்களைத் திரட்டிப் பாரிஸுக்கு அழைத்துப்போனார். 1908-இல் பாரிஸ் ஓபராவில் முசோர்க்ஸ்கியின் ‘போரிஸ் கொதுனோவ்’ நடந்தது; ஷல்யாபின் பாடினார். அடுத்த ஆண்டு ஷாத்லே அரங்கில் ஓபராவும் பாலேயும் சேர்ந்த ரஷ்யப் பருவம். அதற்காக ஓவியர் வலெந்தின் செரோவ் வரைந்தது நடனக் கலைஞர் ஆன்னா பாவ்லோவாவின் உருவம். நீலம் கலந்த பின்னணியில் கரியும் சுண்ணமும் கொண்டு இழுத்த சில கோடுகளில் ஒரு பெண் விரல்நுனியில் நிற்கிறாள். 1911-இல் ழான் கொக்தோ நிஜின்ஸ்கியையும் கர்சாவினாவையும் வரைந்தார். இன்று இவற்றின் நகல்கள் உலகமெங்கும் வீட்டுச் சுவர்களிலும் காபிக் கடைகளிலும் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. செரோவின் கோடு பெரிய கலைஞனின் கோடு. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. பாவ்லோவா நமக்கும் அந்நியர் அல்லர். 1920-களில் இருமுறை இந்தியா வந்து ஆடினார். ருக்மிணி தேவி நாட்டியத்தின் பக்கம் திரும்பியதில் அவருக்குப் பங்குண்டு.

ஆனால் அந்தச் சுவரொட்டியை அளவுகோலாக வைத்துக்கொண்டு நம் நோட்டீஸை அளக்கும்போது, இரண்டும் செய்யவேண்டியிருந்த வேலை வேறு என்பது மறந்துபோகிறது. செரோவின் சுவரொட்டி ஒரு முழுப் பருவத்துக்கும் ஒன்று. பாரிஸின் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த கூட்டத்தை ஒரு கணம் நிறுத்திப் பார்க்கவைப்பது அதன் பணி. நம் ஊரில் ஒரு பாய்ஸ் கம்பெனி வந்து கொட்டகை போட்டால் ஒரு நாளைக்கு ஒரு நாடகம். இன்று வள்ளி திருமணம், நாளை பவளக்கொடி, மறுநாள் கோவலன். ஒவ்வொரு நாடகத்துக்கும் புதிய நோட்டீஸ் வேண்டும். காலையில் எழுதிக் கொடுத்ததை அச்சுக் கோத்து, ட்ரெடிலில் ஓட்டி, பொழுது சாய்வதற்குள் தெருவில் இறக்க வேண்டும். அந்த வேகத்தில் கல்லச்சில் ஓவியம் போட நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஓவியன் இல்லாமலும் போகவில்லை. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, கவிஞராகப் பெயர் வாங்குமுன் ஓவியர். உருவப்படம் எழுதிச் சம்பாதித்தவர். நோட்டீஸுக்குத் தேவைப்பட்டவர் அவரைப் போன்ற ஓவியர் அல்லர், கையில் இருக்கும் எழுத்துகளை வைத்துக் கூட்டத்தை அழைக்கத் தெரிந்த கம்போசிட்டர்.

அந்த கம்போசிட்டரின் வேலையை யாராவது பொறுமையாகப் பார்த்திருக்கிறார்களா? நாடகத்தின் பெயருக்கு அச்சகத்திலேயே பெரிய மர எழுத்து. நடிகரின் பெயருக்கு அடுத்த அளவு. பட்டங்களுக்கு வேறு எழுத்து. கை நீட்டிச் சுட்டும் சிறு பிளாக், நான்கு பக்கமும் பூ பார்டர், கடைசியில் பொடி எழுத்தில் நிபந்தனைகள். காகிதமோ ரோஸ், மஞ்சள், பச்சை என்று கிடைத்த மெல்லிய தாள். 1931 கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர்தான். மாட்டு வண்டியில் பேண்டோ தப்பட்டையோ முழங்க வீசிக்கொண்டு போன நோட்டீஸை ஒருவர் படிக்க, சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். ஆகவே அதன் வாக்கியங்கள் காதுக்காக எழுதப்பட்டவை. அடுக்கடுக்கான அடைமொழி, எதுகை, மூச்சு வாங்க இடம்விட்ட நீள வாக்கியம், கடைசியில் “வாருங்கள்” என்ற அழைப்பு. மௌனமாகக் கண்ணால் படித்துவிட்டு ‘வெற்றுச் சொற்கூட்டம்’ என்று தள்ளுகிறவர், உரக்க ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். கூத்தில் கட்டியங்காரன் களரிக்குள் வந்து, வரப்போகும் ராஜாவை அறிவிக்கிற அதே நடை அது. சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்தை விடியவிடிய உட்கார்ந்து பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அடுத்தது பொய் பற்றிய வாதம். இதைத்தான் வலுவான வாதம் என்று நினைக்கிறார்கள். நோட்டீஸில் எல்லா நடிகரும் சிங்கம், எல்லாக் குரலும் குயில், எல்லாக் காட்சியும் இதுவரை யாரும் காணாதது. இதில் எதை நம்புவது?

மிகைச்சொல்லை நம்பச் சொல்லவில்லை. ஆனால் பொய் சொன்னதற்காகக் காகிதத்தையே ஒதுக்குவதென்றால் முதலில் செரோவின் சுவரொட்டியை ஒதுக்க வேண்டும். பாரிஸ் பருவம் தொடங்கியது 1909 மே 19-இல். சுவரொட்டியில் நின்ற பாவ்லோவா அன்று மேடையில் இல்லை. ஜூன் தொடக்கத்தில்தான் வந்து ஆடினார். அதற்குள் நிஜின்ஸ்கியும் கர்சாவினாவும் நகரத்தைப் பிடித்துவிட்டார்கள். அதனால் அந்தச் சுவரொட்டி பொய் என்று எந்த அருங்காட்சியகமும் தூக்கிப் போடவில்லை. தியாகிலெவ் யாரை நம்பிப் பருவத்தைத் திட்டமிட்டார், நடந்தது எப்படி வேறாயிற்று என்று வரலாற்றாசிரியர் கேட்பதற்கு அந்த இடைவெளியே வாய்ப்பாகிறது. நம் நோட்டீஸின் மிகைக்கும் அதே மதிப்பு உண்டு. எந்தக் காலத்தில் பாட்டைச் சொல்லி அழைத்தார்கள், எப்போது நொடியில் காட்சி மாறும் டிரான்ஸ்பர் ஸீனையும் கிட்சன் லைட் என்ற விளக்கையும் சொல்லி அழைத்தார்கள், எப்போது ராஜபார்ட்டைவிட பப்பூன் பெயர் பெரிய எழுத்துக்கு வந்தது என்ற கேள்விகளுக்கு விடை அந்த மிகைக்குள்தான் இருக்கிறது. ஊர் எதற்கு ஆசைப்படும் என்று கம்பெனிக்காரர் கணித்தாரோ அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டார். கணிப்புத் தவறினால் அவருக்குச் சோறு இல்லை.

மேலும் நோட்டீஸில் பொய் சொல்ல முடியாத வரிகள் பல உண்டு. எந்த இடம், எத்தனை மணி, நாற்காலிக்கு எவ்வளவு, பெஞ்சுக்கு எவ்வளவு, தரைக்கு எவ்வளவு என்பதில் பொய் சொன்னால் அன்றிரவே கொட்டகை வாசலில் அடிதடி. பெண்களுக்குத் தனி இடம் உண்டு என்று அச்சிட்டால் தட்டி கட்டி மறைத்துத்தான் ஆக வேண்டும். 1939-இல் சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் வந்த பிறகு, வரி கட்டணத்தில் அடங்குமா, தனியா என்பதையும் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. இவை எந்த நடிகரின் தன்வரலாற்றிலும் நாள்வாரியாகக் கிடைக்காத செய்திகள்.

எல்லாவற்றுக்கும் கீழே, ஓரத்தில் ஒரு வரி இருக்கும். இன்ன அச்சகம், இன்ன ஊர். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பழைய நோட்டீஸை வெட்டிச் சட்டம் போடுகிறவர்கள் அதைத்தான் முதலில் வெட்டி எறிகிறார்கள். அந்த வரி அங்கே இருப்பது சட்டத்தால். 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சான இடமும் தெளிவாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. மீறினால் தண்டனை. அரசு தன்னைக் காத்துக்கொள்ள இயற்றிய சட்டம்தான். ஆனால் அதனால் ஒவ்வொரு நாடக நோட்டீஸும் தன் பிறப்பிடத்தைத் தானே சுமந்துகொண்டு திரிகிறது. எந்தப் பேட்டையில் எந்தக் காலத்தில் அச்சகம் இருந்தது, எந்தக் கம்பெனி உள்ளூரில் அச்சடித்தது, எது ஈரோட்டிலோ கரூரிலோ அடித்துக்கொண்டு வந்தது என்பதை அடிவரிகளைச் சேர்த்தாலே வரையலாம். அந்தச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நீங்கிவிட்டது. அதன் இடத்தில் வந்த புதிய சட்டம் பருவ இதழ்களைப் பற்றியது. இனி அச்சாகும் நோட்டீஸில் அந்த வரி வழக்கத்தால் இருந்தால் உண்டு.

இப்போது இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நோட்டீஸின் பொடி எழுத்து நிபந்தனைகளில் யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று எழுதியிருப்பார்கள். தமிழ்நாட்டின் பழைய நாடக நோட்டீஸ்கள் சிலவற்றில், தொத்துநோய் உள்ளவர்களுக்கும் பஞ்சமர்களுக்கும் இடமில்லை என்று கூச்சமில்லாமல் அச்சிட்டிருக்கிறார்கள். காசு கொடுத்தாலும் சீட்டுக் கிடையாது. நோயையும் பிறப்பையும் ஒரே வரியில் வைத்து, அதை நல்ல நிர்வாகத்தின் அடையாளமாக விளம்பரப்படுத்தி, மற்றவர்களை நிம்மதியாக வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தன்வரலாறுகள் மேடையில் நின்றவர்கள் எழுதியவை. அவற்றில் குருநாதர் இருக்கிறார், பசி இருக்கிறது, அடி இருக்கிறது, ஊர் ஊராகப் போன வண்டி இருக்கிறது, கைதட்டல் இருக்கிறது. அவற்றின் உண்மையை நான் குறைக்கவில்லை. ஆனால் மேடையிலிருந்து பார்ப்பவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்தான் தெரிவார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் தெரிய மாட்டார். அவரைப் பற்றிய ஒரே எழுத்து ஆதாரம், அவரைத் திருப்பி அனுப்புவதாக அறிவித்த இந்தக் காகிதம். அதை விளம்பரம் என்று கழித்துவிட்டு, நாடகம் சாதி மத பேதமில்லாமல் எல்லாரும் பார்த்த மக்கள் கலை என்று மேடைதோறும் பேசுகிறோம். நம் அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கடைகள், உணவு விடுதிகளோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பெயரால் அங்கே யாரையும் தடுக்கக்கூடாது என்று ஏன் எழுத வேண்டியிருந்தது? தடுத்தார்கள், அச்சடித்துத் தடுத்தார்கள். அதனால்தான் எழுத வேண்டியிருந்தது.

சேலத்துக் கொட்டகைகள் என்ன செய்தன? எந்தக் கம்பெனி அந்த வரியைப் போட்டது, எது போட மறுத்தது, எந்த ஆண்டு அது நோட்டீஸிலிருந்து மறைந்தது, மறைந்த பிறகும் தரை டிக்கெட்டில் தனி மூலை இருந்ததா? 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது இதே சேலத்தில். அதற்குப் பின் வந்த சீர்திருத்த நாடகங்களின் நோட்டீஸ்கள் எந்த மொழியில், யாரை அழைத்தன? எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்து 1954-இல் சென்னை அரசு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டுவந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. சட்டம் கிடைக்கிறது. அந்த நாடகங்கள் நடந்த இரவுகளில் கொட்டகைக்கு ஊரை அழைத்த தாள் எங்கே? அதைக் கிழித்துப் போட்டவர்கள் அரசாங்கத்தார் அல்லர், நாம்தான்.

பிரதிகள் இருக்கின்றனவே என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பேறு. ஆனால் ஸ்பெஷல் நாடகம் என்ற ஏற்பாட்டை அறிந்தவர் பிரதி போதும் என்று சொல்ல மாட்டார். அங்கே கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து, ஆர்மோனியம் மற்றோர் ஊரிலிருந்து வந்து அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும்; பாட்டும் தர்க்கமும் அந்த இருவருக்கிடையில் அங்கேயே மூளும். வள்ளியும் முருகனும் யார் யார் என்பதைப் பொறுத்து அதே பிரதி முழுக்க வேறு நாடகமாகிவிடும். எந்த இரவு யாரோடு யார் மோதினார்கள் என்பதைப் பதிவு செய்தது நோட்டீஸ் ஒன்றுதான். காவிரிக்கு அக்கரையில் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாளும், 1933-இல் இளவயதிலேயே இறந்துபோன எஸ்.ஜி. கிட்டப்பாவும் சேர்ந்து நின்ற மேடைகளைப் பற்றி எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்கிறார்கள்! இசைத்தட்டில் குரல் கொஞ்சம் இருக்கிறது. ஊரும் தேதியும் நாடகமும் சேர்ந்த வரிசை வேண்டுமானால் நோட்டீஸைத்தான் தேட வேண்டும்.

இதை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சூசன் சீஸர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஸ்பெஷல் நாடக நடிகர்களைப் பற்றி 2005-இல் வெளியிட்ட நூலில் நோட்டீஸ்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். நடிகர்களின் படங்களும் பெயர்களும் தாளில் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதை வைத்தே நாடக உலகின் ஏற்றத்தாழ்வை அவரால் படிக்க முடிந்தது. அவர் அப்படிப் படிக்கப் பழைய தாள்கள் கிடைத்தது எங்கே? ரோஜா முத்தையா சேகரிப்பில். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த முத்தையா, புத்தகத்தோடு சேர்த்து, மற்றவர்கள் கழித்துப்போட்ட துண்டு அச்சையும் திரட்டினார். அவர் 1992-இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரிப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எழுத்து வரைகிற கைக்கு எழுத்தின் மதிப்பு தெரிந்திருந்தது. பேராசிரியர்களுக்குத் தெரியவில்லை என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஐரோப்பியரும் படமுள்ள சுவரொட்டியை மட்டுமே காத்தார்கள் என்ற எண்ணமும் சரியல்ல. லண்டனில் கேப்ரியல் எந்தோவன் என்ற பெண்மணி வாழ்நாளெல்லாம் நாடக நோட்டீஸ் சேர்த்தார். பெரும்பாலும் வெறும் எழுத்து நோட்டீஸ்கள். வாங்கிக்கொள்ளும்படி விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைப் பல ஆண்டுகள் கெஞ்சி, 1924-இல்தான் 80,000-க்கும் மேற்பட்ட தாள்களை ஒப்படைக்க முடிந்தது. இன்று தியாகிலெவ் குழுவின் உடைகளும் திரைகளும் இருக்கும் அந்த அருங்காட்சியகத்தின் நாடகப் பிரிவு அந்தத் தாள்களிலிருந்து பிறந்ததே. அதே 1924-இல், அதே லண்டனில், வெம்பிளி பேரரசுப் பொருட்காட்சியில் தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் தமிழ் நாடகக் குழு ஆடியது. ரஷ்யர்கள் பாரிஸ் போனதை நாம் நூறு நூல்களில் படிக்கிறோம். பாவலர் லண்டன் போனது நாடக ஆய்வாளர்களைத் தாண்டி எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆஸ்திரேலியாவில் அச்சாகி இன்றும் எஞ்சியிருக்கும் தாள்களில் மிகப் பழையது எது தெரியுமா? அரசாணை அல்ல, வேதப் புத்தகம் அல்ல. 1796-இல் சிட்னியில் நடந்த ஒரு நாடகத்துக்கான நோட்டீஸ். அதிலும் படம் கிடையாது. நாடகத்தின் பெயர், நடிகர் பட்டியல், கட்டணம், அவ்வளவுதான். கனடாவின் தேசிய நூலகத்தில் யாரோ ஒட்டிவைத்த பழைய ஒட்டுப் புத்தகத்துக்குள் கிடந்ததைக் கண்டெடுத்து 2007-இல் ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்த நாடு அதைத் தன் தேசிய நூலகத்தில் வைத்திருக்கிறது. கைதிகளைக் கொண்டு குடியேற்றிய ஊரில் ஒன்பது ஆண்டுகளுக்குள் நாடகம் போட்டு, நோட்டீஸ் அடித்து, காசு வாங்கினார்கள் என்று அந்த ஒற்றைத் தாள் சொல்லாவிட்டால் வேறெந்தத் தாள் சொல்லும்?

சேலம் நாமக்கல் சமவெளிக்கு இந்தத் தேவை மற்ற ஊர்களைவிட அதிகம். மதுரைக்கும் கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் அவற்றைப் பற்றி எழுதிய நாடகக்காரர்கள் இருந்தார்கள். நம் பகுதி பெரும்பாலும் கம்பெனிகள் வந்து தங்கிப் போன இடம். வந்தவர் எழுதும்போது சேலம் ஓரிரு பக்கங்களில் கடந்துவிடும். ஆத்தூரில் பிறந்த எஸ்.டி. சுந்தரம் ‘கவியின் கனவு’ எழுதினார். சக்தி நாடக சபா அதைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனது. அந்த நாடகத்தின் புகழை நாகப்பட்டினத்துக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். அவர் பிறந்த ஆத்தூர் அதை எப்போது, எந்தக் கொட்டகையில், என்ன விலைக்குப் பார்த்தது?

சேலத்துக்கு 1860-களிலேயே ரயில் வந்துவிட்டது. நாமக்கல்லுக்கு வந்தது 2013-இல்தான். நூற்றைம்பது ஆண்டுகள் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இந்த வித்தியாசம் இருந்தது. திரைச்சீலைக் கட்டுகள், உடைப் பெட்டிகள், சிறுவர்கள் என்று அறுபது எழுபது பேரோடு வரும் கம்பெனி நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் வண்டி கட்டித்தான் போக வேண்டும். எல்லாக் கம்பெனியும் போனதா, சிறியவை மட்டும் போயினவா? போகாத ஊர்களில் கூத்தின் பிடி தளராமல் நின்றதற்கு இதுவும் காரணமா? இன்றும் இந்தப் பகுதியில் மாரியம்மன் நோம்பிக்குக் கூத்து நடக்கிறது, பொம்மலாட்டம் நடக்கிறது. கூத்துக் களரியிலும் சாதி இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் அங்கே சீட்டு விற்று வாசலில் நிறுத்தும் கொட்டகை இல்லை. கூத்தும் கொட்டகை நாடகமும் ஒன்றையொன்று எப்படி நெருக்கின, எங்கே கடன் வாங்கின என்று எழுதப்படாத நூலுக்கு முதல் ஆதாரம், எந்த ஊரில் எப்போது கொட்டகை போட்டார்கள் என்ற பட்டியல். அது நோட்டீஸ்களிலிருந்துதான் கிடைக்கும்.

சினிமா வரலாறும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. 1934-இல் சேலம் ஏஞ்சல் ஃபிலிம்ஸ் ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ எடுத்தது. அதில் பங்கேற்றுத் தொழிலைக் கற்ற திருச்செங்கோட்டு டி.ஆர். சுந்தரம் ஏற்காடு அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார்; அதன் முதல் படம் ‘சதி அகல்யா’ 1937-இல் வந்தது. இரண்டு கதைகளும் புராண நாடக மேடைக்குப் பழகியவை. முதலீட்டைப் போடுமுன் எந்தக் கதைக்குக் கூட்டம் கூடும் என்று ஒரு வியாபாரி கணக்குப் போட்டிருப்பார். கொட்டகையில் நிறைந்த கூட்டத்தைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கு வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். ஊகத்தை உறுதி செய்யும் தாள்கள் கையில் இல்லை. ஸ்டுடியோ இடிந்து வீடுகளாகிவிட்டது. ஏற்காடு சாலையில் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சேலத்துக்காரர் குறைவு. கல்லுக்குக் காட்டும் அந்தப் பற்றில் கொஞ்சமாவது காகிதத்துக்குக் காட்டச் சொல்கிறேன்.

எல்லாத் தாளையும் எங்கே வைப்பது, யார் செலவு செய்வது என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. மரக்கூழ்க் காகிதம் தன் அமிலத்தாலேயே பழுத்து உதிரும். ஆனால் இன்று முதல் வேலைக்குப் பெரிய செலவு இல்லை. கையில் இருக்கும் போனில் நான்கு ஓரமும் தெரிய, முன்னும் பின்னும் படம் எடுத்தால் பாதி காப்பாற்றியாயிற்று. லேமினேட் செய்யக்கூடாது, செலோடேப் ஒட்டக்கூடாது. இரண்டும் சில ஆண்டுகளில் தாளைத் தின்றுவிடும். சேலத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் முனைவர் பட்ட மாணவர்களைச் சங்க இலக்கியத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்காமல், ஓரிருவரையாவது செவ்வாய்ப்பேட்டையிலும் குகையிலும் அம்மாப்பேட்டையிலும் எஞ்சியிருக்கும் பழைய அச்சகங்களுக்கு அனுப்பலாம். அச்சகங்களில் தாங்கள் அடித்ததில் ஒரு பிரதியைக் கம்பியில் குத்தி வைக்கும் வழக்கம் உண்டு. வீடுகளில் பழைய அலமாரித் தட்டுகளில் விரித்த தாளுக்கு அடியிலும், கணக்குப் புத்தக அட்டைக்குள் ஒட்டியும் இவை கிடக்கும்.

பழையதோடு நிற்கவும் கூடாது. ஆடியில் செவ்வாய்ப்பேட்டை, குகை வண்டி வேடிக்கைக்கு அச்சாகும் நோட்டீஸ், நாமக்கல் பக்கத்து டீக்கடைச் சுவரில் ஒட்டும் கூத்துச் சுவரொட்டி, கோயில் நோம்பி அழைப்பிதழின் கடைசிப் பக்கத்தில் போடும் நாடகக் குழுவின் பெயர் எல்லாமே இதே வகை. அச்சிடுவது குறைந்து எல்லாம் வாட்ஸ்அப் படமாக மாறிவருகிறது. அது போன் மாறும்போது போய்விடும். ஒரு பள்ளி ஆசிரியர் தன் வகுப்பு மாணவர்களிடம் இந்த ஆண்டு அவரவர் தெருவில் கிடைக்கும் இப்படிப்பட்ட தாளில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பின்புறம் பென்சிலால் தேதியும் கிடைத்த இடமும் குறித்து, ஒரு பெட்டியில் அடுக்கி அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். அருங்காட்சியகம் அதை வாங்க மறுக்கக்கூடாது. கொண்டுவந்த தாளைப் படம் எடுக்கும்போது அழகுக்காக ஓரத்தை வெட்டிவிடாமல், அச்சகத்தின் பெயரும் பொடி எழுத்து நிபந்தனைகளும் படிக்கும்படி விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.